வேலி இல்லை என்று எழுதினார்கள்

எங்கள் தோட்டத்துக்கு வேலி இல்லையாம். படிவத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

வீட்டுத்தோட்ட உதவித் திட்டம் ஒன்றுக்கு அம்மா விண்ணப்பித்திருந்தார். நீர்ப்பம்பி, குழாய்கள், விதை, கொஞ்சம் பணம் என்று பெறுமதியான உதவிதான். காணி பார்க்க வந்த தம்பி மரியாதை தெரிந்த பிள்ளை. அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். மிளகாய்ப் பாத்திகளையும் கத்தரியையும் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கிளுவை மரங்களை வரிசையாக நட்ட வேலியின் நிழலுக்குப் போய் நின்று, கையிலிருந்த அட்டையை ஒரு கதியாலில், அதாவது வேலிக்காக நட்டு வேர்பிடித்த கொம்பு ஒன்றில், முண்டுகொடுத்துக்கொண்டு, ‘வேலி’ என்ற இடத்துக்கு எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடியிட்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றார். “தம்பி, நீங்கள் சாய்ந்து நிற்பது என்ன?” என்று கேட்டார். அவர் சங்கடத்தோடு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மதில், கம்பிவேலி, தகரவேலி, இல்லை. நான்கே கட்டங்கள். “இது எதற்குள்ளும் வரவில்லை அம்மா, நான் என்ன செய்ய?” என்றார்.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. பாதுகாப்பான வேலி இல்லாத தோட்டத்துக்கு உதவி வழங்கப்படாது என்பது விதியாம். மாடும் பன்றியும் புகுந்து அழித்துவிட்டால் கொடுத்த பணம் வீணாகிவிடும் என்ற நியாயம் எனக்கும் விளங்குகிறது. விளங்காதது வேறு. அப்பப்பா காலத்திலிருந்து நிற்கிற ஒரு வேலியை, அதில் சாய்ந்துகொண்டே ஒருவர் ‘இல்லை’ என்று எழுத வேண்டிய நிலைமையை ஒரு தாள் எப்படி உண்டாக்கியது? அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் வன்னியில் ஒரு ஒழுங்கையிலாவது நடந்து பார்த்திருக்க மாட்டார்களா?

பம்பி கிடைக்காமல் போனதை அம்மா அன்றைக்கே மறந்துவிட்டார். என்னால்தான் விட முடியவில்லை. ஏனென்றால் அந்தப் படிவம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு குடும்பம், உதவிக்குத் தகுதி பெறுவதற்காக, நன்றாக நின்ற பூவரசு வரிசையை அடியோடு தறித்து எரித்துவிட்டுக் கொங்கிறீற் தூண் நட்டு நான்கு வரி முட்கம்பி இழுத்திருக்கிறது. கம்பிக்கும் தூணுக்கும் கடன். போகிற வருகிற நேரமெல்லாம் அந்த வெட்ட வெளியைப் பார்க்கிறேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளதை இல்லை என்று ஒரு தாள் சொன்னால், ஏழைக் குடும்பம் தாளைத்தான் நம்பும்.

வேலியில் என்னென்ன நிற்கிறது

எங்கள் காணி முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரையில் இருக்கிறது. 1960களில் குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறியவர்களில் அப்பப்பாவும் ஒருவர். காடு வெட்டிய காணிக்கு முதல் வேலி அலம்பல் வேலிதான். வெட்டிய காட்டிலிருந்தே சூரை, காரை, விளாத்தி முட்களை இழுத்துவந்து எல்லையில் அடுக்கிக் கட்டுவார்கள். இரண்டு மாரிக்குள் கறையான் அதைத் தின்றுவிடும். அதற்குள் உள்ளே நட்ட கதியால் பிடித்துவிட வேண்டும். செத்த வேலி நிற்கும் காலத்துக்குள் உயிர்வேலி எழும்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. யாழ்ப்பாணத்துத் தாய்வீட்டு வளவிலிருந்து கிளுவங் கதியால்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு அப்பப்பா வந்து இறங்கிய கதையை அப்பாச்சி அடிக்கடி சொல்வார். முதிரையும் வீரையும் நிறைந்த காட்டுக்குத் தடி கொண்டுவருகிறாரே என்று ஊர் பார்த்ததாம்.

இன்றைக்கு ஒழுங்கைப் பக்கம் முழுக்கக் கிளுவை, இடையிடையே பூவரசு. வாய்க்கால் பக்கம் சீமைக்கிளுவை. கிளிசரியா என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆடு வந்து நிற்கிற வடக்குப் பக்கத்தில் நொச்சியும் ஆடாதோடையும். அவை இரண்டிலும் ஆடு வாய் வைக்காது. அம்மாவுக்கு வேதுபிடிக்கவும் இருமலுக்கு அவிக்கவும் வேலியே போதும். கிழக்கு மூலையில் நிற்கும் முள்முருக்கு அக்காவின் கல்யாணத்துக்குக் கன்னிக்காலாக ஊன்றியது. அது தளைத்துவிட்டதா என்று அம்மா விடிய எழும்பிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் நினைவிருக்கின்றன. இந்த மரங்களில் எதையும் யாரும் கடையில் வாங்கவில்லை. ஒரு வீட்டு வேலி அடுத்த வீட்டு வேலிக்குத் தாய். எங்கள் பக்கத்தில் நிற்கும் கிளிசரியாவில் பாதிக்கு மேல் எங்கள் வாய்க்கால் கரைக் கதியாலின் வழி வந்ததுதான்.

கதியால் நடுகிற முறையைப் பழைய ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கல்யாணம் செய்த இளம் குடும்பங்கள் பல, நட்டுப் பார்த்தோம், பட்டுப்போயிற்று என்று விட்டுவிட்டார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணங்கள்தான். கிளுவை கோடையில் இலை உதிர்த்து நிற்கும்போது வெட்ட வேண்டும். முற்றிய கொம்பாக, பெருவிரலைவிடத் தடித்ததாக, ஆளுயரத்துக்கு எடுக்க வேண்டும். அடியைச் சரிவாக, ஒரே வெட்டில் வெட்ட வேண்டும்; இரண்டாம் வெட்டுப் போட்டால் தோல் கிழியும், கிழிந்த இடத்தில் அழுகும். தலைப்பக்கமும் சரிவாக இருந்தால்தான் மழைத்தண்ணீர் தங்காது. வெட்டியவுடன் நட வேண்டாம். சில நாட்கள் நிழலில் சாத்தி வைத்தால் வெட்டுவாய் காய்ந்து இறுகும். ஐப்பசி மழை மண்ணை நனைத்த பிறகு அலவாங்கால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, அதற்குள் கதியாலை இறக்க வேண்டும். தடியை மண்ணில் வைத்து மேலிருந்து அடித்து இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் தோல் உரிந்துவிடும், வேர் வரவேண்டிய இடமே அதுதான். இறக்கிய பிறகு மண்ணைப் போட்டுக் குதிக்காலால் மிதித்து இறுக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண். குறுக்கே இரண்டு வரிச்சுத் தடி வைத்துக் கட்டிவிட்டால் காற்று ஆட்டாது.

இதற்குப் பிறகுதான் பலரும் ஏமாறுகிறார்கள். நட்ட கொஞ்ச நாட்களிலேயே கதியால் துளிர்க்கும். வேலி பிடித்துவிட்டது என்று அலம்பலைப் பிரித்து அடுப்புக்கு எடுத்துவிடுவார்கள். அந்தத் துளிர் கொம்புக்குள் இருந்த சேமிப்பில் வந்தது. அடியில் வேர் விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மழை நின்று தை வெயில் ஏறிய பிறகும் இலை வாடாமல் நின்றால் மட்டும் வேர் பிடித்தது என்று நம்பலாம். அதுவரை ஒருவரும் அதை அசைத்துப் பார்க்கக்கூடாது. சின்ன வயதில் நான் ஆட்டிப் பார்க்கப் போய் அப்பாச்சியிடம் அடிவாங்கியிருக்கிறேன். பிடித்த வேலியை அடுத்த வருடத்திலிருந்து நெஞ்சளவில் தறித்துக்கொண்டே இருக்க வேண்டும். வளர விட்டால் உயரத்துக்குப் போய்விடும், அடி வெளிக்கும். வெளித்த அடியில் பன்றி மூக்கை வைக்கும்.

எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

உயிர்வேலி எல்லாவற்றையும் தடுக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. யானைக்குக் கிளுவை ஒரு பொருட்டே இல்லை. வாழைக்குலை மணத்துக்கு ஒருமுறை வந்து, வேலியை மிதித்து வழியெடுத்து, வாழைகளை முறித்துத் தின்றுவிட்டு, வந்த வழியாலேயே போய்விட்டது. அதற்கு யானைவெடியும் காட்டோரத்து மின்வேலியும்தான் வேண்டும். அது ஒரு குடும்பம் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. குரங்குக்கு வேலி ஒரு பாதை. மயில் பறந்து வந்து இறங்கும். ஆனால் படிவம் ஏற்றுக்கொள்ளும் முட்கம்பியும் இந்த மூன்றில் ஒன்றையும் தடுக்காது. பன்றி கீழ்வரிக் கம்பியை முதுகால் நெம்பித் தூக்கிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் இடைவெளியில் முற்றி நிற்கும் கிளுவை வரிசைக்குள் அதால் நுழைய முடிவதில்லை. பொட்டு, அதாவது வேலியில் இடைவெளி, விழுந்த இடத்தைத் தேடித்தான் வரும். பொட்டைப் பார்த்து அடைப்பதுதான் வேலிக்காரரின் வேலை. கட்டாக்காலி மாடு கம்பியில் மடி கிழிபட்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு முட்கம்பி பிடிக்காது. போர் முடிந்தபோது செட்டிகுளத்து முகாமில் முட்கம்பிக்குள் இருந்துவிட்டு வந்த எவரிடமும் அதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை.

விலங்குகளைப் பற்றியே பேசிப் பேசி, வேலி செய்கிற பெரிய வேலையை நாங்கள் மறந்துவிடுகிறோம். வன்னியில் தோட்டத்தை வருடம் தவறாமல் தாக்குவது சோளகக் காற்று. வைகாசி பிறந்தால் தொடங்கிவிடும். காலையில் இறைத்த தண்ணீரைப் பின்னேரத்துக்குள் உறிஞ்சிவிடும், மிளகாய்ப் பூவை உதிர்த்துவிடும், காய்ந்த புழுதியைக் கிளப்பி இலையில் பூசிவிடும். இலையும் கொம்புமாக நிற்கிற வேலி இந்தக் காற்றை முழுதாக மறிப்பதில்லை; பாதியை உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கிறது. அதுதான் தேவை. மதில் போலவோ தகரம் போலவோ முழுதாக மறித்தால் காற்று மேலால் ஏறி அடுத்த பக்கம் சுழன்று விழும். காற்று ஊடுருவும் வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும் என்பது விவசாயம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பத்தடி வேலி என்றால் நூறடி. வீட்டுத்தோட்டத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். கம்பிவேலி போட்ட காணியில் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைக்கும்போது, வேலியோரத்து எங்கள் பாத்திகள் இன்னொரு நாள் தாங்குகின்றன. பம்பிக்கு எரிபொருள் வாங்குகிறவர்களுக்கு இந்த ஒருநாளின் பெறுமதி தெரியும். தண்ணீரை மிச்சப்படுத்த நீர்ப்பம்பியும் குழாயும் கொடுக்கிற ஒரு திட்டம், தண்ணீரை மிச்சப்படுத்துகிற வேலியைத் தறிக்கவைக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாலைமரத்து வளைவு

ஆனால் நான் இந்த வேலிக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காற்றும் தண்ணீரும் மட்டும் காரணம் இல்லை.

செட்டிகுளத்திலிருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் காணி எது என்று எங்களுக்கே தெரியவில்லை. வாய்க்கால் கட்டு ஒன்றுதான் அடையாளம். கினிப்புல் தலைக்கு மேலே நின்றது, நாயுண்ணி மூடிக் கிடந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம், கிணற்றுக் கட்டு இடிந்து உள்ளே விழுந்திருந்தது, தென்னைகள் தலையில்லாமல் நின்றன. கண்ணிவெடி அகற்றியவர்கள் முடித்துக் கொடுத்த பகுதிக்குள் மட்டும் கால் வைத்தோம். எல்லைக்கற்களைக் காணவில்லை. ஒழுங்கைப் பக்கம் அப்பா பிற்காலத்தில் போட்டிருந்த இரும்புக் கேற், கோழிக்கூட்டுக் கம்பிவலை, கூரைத்தகரம் எல்லாம் பழைய இரும்பு சேர்க்கிறவர்களோடு போய்விட்டிருந்தன. காணி அனுமதிப்பத்திரம் அம்மாவின் பையோடு முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. அப்பாவும் இல்லை.

பக்கத்துக் காணிக்கு அந்த வீட்டு இளையவர் திரும்பி வந்திருந்தார். அவரது ஐயாவும் மூத்த அண்ணரும் இல்லை. எல்லை கிணற்றை ஒட்டிப் போகிறது என்பது அவருடைய நினைவு. கிணற்றுக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் எல்லை என்பது அம்மாவின் நினைவு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எல்லை கிணற்றோடு என்றால் கிணற்றில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த வருடத்தில் கிணறு இருக்கிற காணியும் இல்லாத காணியும் ஒன்றில்லை. பேச்சு தடித்தது. இத்தனையையும் ஒன்றாகக் கடந்து வந்த இரண்டு குடும்பங்கள், தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் இருந்தோம். ஊரில் வேறு சிலர் பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். அளவையாளர் வருவதற்கு முறை இருந்தது. எங்கள் முறை எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு காலை, அடுப்புக்கு இடம் எடுப்பதற்காக அம்மா கினிப்புல்லைக் காட்டுக்கத்தியால் சாய்த்துக்கொண்டு போனார். கத்தி எதிலோ இடறியது. கல் என்று நினைத்திருப்பார். ஆனால் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து மாங்காய் மணம் எழும்பியது. கிளுவையை வெட்டியவர்களுக்கு அந்த மணம் தெரியும். அம்மா கத்தியைப் போட்டுவிட்டுக் குந்தினார். முழங்காலளவில் கருகிப்போன ஒரு கட்டை. நகத்தால் சுரண்டினார். கரியும் மெல்லிய தோலும் சுருளாக உரிந்து வந்தன. அதற்குக் கீழே பச்சை. அடியில் இரண்டு துளிர்கள் சின்ன இலைகளோடு நின்றன. நான் கூப்பிடக் கூப்பிட அவர் திரும்பவில்லை. வலது கையின் சாணை விரித்து அந்தக் கட்டையின் அடியிலிருந்து மண்ணில் வைத்தார். சின்னவிரல் முடிந்த இடத்தில் புல்லை விலக்கினார். அடுத்த கட்டை இருந்தது.

அன்றைக்கு அம்மா சமைக்கவில்லை. சாண் சாணாக அளந்துகொண்டே புல்லை வெட்டினார். சில இடங்களில் கட்டை செத்து, மண்ணில் ஓட்டை மட்டும் இருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த சாணுக்குப் போனார். பக்கத்துக் காணிக்காரர் கொஞ்ச நேரம் தன் கொட்டில் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் கத்தியை எடுத்துவந்து, ஒரு சொல்லும் பேசாமல், ஒழுங்கைப் பக்கத்து முனையிலிருந்து தொடங்கினார். அம்மா வாய்க்கால் பக்கமிருந்து, அவர் ஒழுங்கைப் பக்கமிருந்து. மத்தியானத்துக்குப் பிறகு வரிசை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. அம்மா சொன்னபடி அது கிணற்றுக்கு அப்பால்தான் போனது.

ஆனால் அம்மா சொல்லாத ஒன்றும் வெளியே வந்தது. நூல் பிடித்து நட்டதுபோல வந்த வரிசை ஓரிடத்தில் நேர்கோட்டை விட்டு விலகி, பக்கத்துக் காணிக்குள் அரைவட்டமாக வளைந்து, மறுபடியும் கோட்டுக்கு வந்து சேர்ந்தது. முதலில் விளங்கவில்லை. புல்லை இன்னும் விலக்கியபோது வளைவுக்கு நடுவில் பெரிய பாலைமரம் ஒன்றின் அடிக்கட்டை இருந்தது. யாரோ பங்கருக்குத் தறித்திருக்க வேண்டும். அதைப் பார்த்தவுடன் பக்கத்துக் காணிக்காரர் கத்தியை நிலத்தில் ஊன்றிவிட்டு நின்றார். “இது என் ஐயா விட்ட வளைவு” என்றார். அப்பப்பா கோடு பிடித்தபோது மரம் சரியாகக் கோட்டில் நின்றதாம். தறிக்க வேண்டும் என்று அப்பப்பா சொல்ல, பழமரத்தைத் தறிக்காதீர்கள், வேலியை என் பக்கம் தள்ளி நடுங்கள், பழத்தை இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பொறுக்கட்டும் என்று அவருடைய ஐயா சொன்னாராம். தான் அந்த மரத்தில் ஏறி விழுந்த இடத்தைக்கூடக் காட்டினார். கிணற்றைப் பற்றி அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை. அன்றிரவு அம்மா அவர் வீட்டுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார். கிணற்றைத் துப்புரவாக்கும் வேலையை இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்தோம். இன்றுவரை அவர் அதில்தான் குடிக்கத் தண்ணீர் அள்ளுகிறார்.

பிற்பாடு அளவையாளர் வந்தபோது இரண்டு வீட்டாரும் ஒரே வரிசையைத்தான் காட்டினோம். அதற்குள் கட்டைகள் தளைத்து இடுப்பளவுக்கு வந்திருந்தன. அவர் வளைவையும் அளந்து குறித்துக்கொண்டார். இந்த நாட்டின் நில அளவைப் படங்களில் உயிர்வேலியை எல்லையாகக் குறிப்பது நெடுங்கால வழக்கம். அளவையாளருக்குக் கண்ணில் படுகிற வேலி உதவித் திட்டத்தின் படிவத்துக்கு மட்டும் படாமல் போவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

கல்லைப் பிடுங்கி நகர்த்தலாம். கம்பியைச் சுருட்டி விற்கலாம். பத்திரம் எரியும், நனையும், தொலையும். அந்த வருடங்களில் எங்கள் காணியில் எல்லாம் போனபிறகு எல்லையைச் சொல்ல மிஞ்சியது, எரித்தாலும் அடியிலிருந்து வருகிற, யாருக்கும் விற்கப் பயன்படாத ஒரு மரம். அதோடு அது எங்கள் வீட்டு நியாயத்தை மட்டும் சொல்லவில்லை. அவருடைய ஐயாவின் பெருந்தன்மையையும் சேர்த்துச் சொன்னது. வேலியைப் பாராமல் வரைந்த அளவைப் படத்தின் நேர்கோட்டில் அது இருந்திருக்காது.

தறிக்கிற நாள்

அன்றிலிருந்து அந்தப் பக்கத்து வேலியை இரண்டு வீடும் சேர்ந்துதான் தறிக்கிறோம். மாரிக்கு முன்னால் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை. இரண்டு பக்கமும் ஆள் நின்றால்தான் வரிச்சை மாற்றிக் கட்ட முடியும், பொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க முடியும். குழை அவர்களுடைய ஆட்டுக்கும் எங்கள் பாத்திக்கும் பாதி பாதி. தறிக்கிற நாளில் ஊர்ச் சங்கதி எல்லாம் பேசித் தீரும். மதில் கட்டியிருந்தால் இந்த இரண்டு நாட்களும் எங்களுக்கு இருந்திருக்காது.

குழையின் பெறுமதி 2021 இல் ஊருக்கே தெரிந்தது. இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்திய வருடம் அது. யூரியாவைத் தேடி மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். கிளிசரியாவின் காய்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நைதரசன் இருக்கிறது. சாணத்தைவிட அது அதிகம். வயலுக்கு அது போதாது, அப்படிச் சொல்வது ஏமாற்று. ஆனால் வீட்டுத்தோட்டத்துக்குப் போதும். வாய்க்கால் பக்கத்து வேலியைத் தறித்துப் பாத்திகளுக்கிடையில் புதைத்து அந்தப் போக மிளகாயை அம்மா எடுத்தார். வேலியைத் தறித்து மதில் கட்டியிருந்தவர்கள் சாக்கோடு வந்து குழை கேட்டார்கள், இருந்ததைக் கொடுத்தோம். இதே கிளிசரியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இந்த நாட்டு அரசாங்கம்தான் அறிவித்தது. எரித்து மின்சாரம் எடுக்கவும் பசளைக்கும் தோட்டம் தோட்டமாக நடச்சொல்கிற அதே மரம் வேலியில் நின்றால் கணக்கில் வராது என்றால், வீட்டுத்தோட்டக்காரர்கள் எதைத்தான் நடுவது?

பக்கத்துக் காணிக்காரரின் மகன் இப்போது கல்யாணம் செய்து அந்த வளவிலேயே இருக்கிறார். அவரும் அந்த உதவிக்கு விண்ணப்பித்தார். ஒருநாள் மாலை வந்து, பொது வேலியைத் தறித்துவிட்டுக் கம்பி போடலாமா, செலவில் பாதியைத் தான் ஏற்கிறேன் என்று அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார். அம்மா மறுமொழி சொல்வதற்குள் அவருடைய அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை. கைக்குழந்தை இருக்கிறது, தொழில் நிரந்தரம் இல்லை. கடைசியில் வேலியைத் தொடாமல், தன் காணிக்குள் ஓரடி தள்ளித் தூண் நட்டுக் கம்பி இழுத்தார். பாலைமரத்து வளைவிலும் அதேமாதிரி வளைத்துத்தான் இழுத்திருக்கிறார். படிவத்தில் அவருக்குக் ‘கம்பிவேலி’ என்று புள்ளடி விழுந்தது. வேலிக்கும் கம்பிக்கும் இடையில் நீளத்துக்கு ஒரு கீற்று நிலம் பயிரில்லாமல் கிடக்கிறது. தறிக்கும் நாளில் அவர்கள் கம்பிக்குள் குனிந்து வர வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஐந்தாவதாக ஒரு கட்டம். உயிர்வேலி என்று. யாரும் இரண்டு தடியை நட்டுவிட்டு வேலி என்று ஏமாற்றுவார்களே என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதற்கும் வழி உண்டு. நட்டு இரண்டு மாரி கடந்திருக்க வேண்டும். கதியாலுக்குக் கதியால் ஒரு சாணுக்கு மேல் வெளிக்கக்கூடாது. அடியில் பொட்டு இருக்கக்கூடாது. வரிச்சு கட்டியிருக்க வேண்டும். காணி பார்க்க வருகிற ஒருவர் சுற்றி நடந்து பார்க்க அரைமணித்தியாலம் போதும். நட்டுப் பிடிக்காதவர்களுக்குக் கம்பிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கதியாலுக்கும் கூலிக்கும் கொடுக்கலாம். ஊரில் கதியால் நடத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். இதையெல்லாம் அம்மாவின் பெயரில் கடிதமாக எழுதிப் பிரதேச செயலகத்திலும் அந்தத் திட்டத்தின் அலுவலகத்திலும் கொடுத்திருக்கிறேன். கடிதத்தோடு அளவைப் படத்தின் பிரதியையும் வேலியின் படங்களையும் இணைத்திருக்கிறேன். மறுமொழி வந்தால் இங்கே எழுதுவேன். உங்கள் ஊரிலும் இதே படிவம் வந்திருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஒரு வீட்டுக் கடிதத்தைவிட ஒரு ஒழுங்கையின் கடிதத்துக்குக் காது கொடுப்பார்கள்.

பூவரசைத் தறித்த அந்தக் குடும்பத்திடம் போன கிழமை பேசினேன். கம்பியை ஒட்டி உள்பக்கமாகக் கிளுவை நடுவதற்கு இடம் விடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோடை முற்றி எங்கள் வேலி இலை உதிர்த்தவுடன் அவர்களுக்கு முதலில் வெட்டுவோம். முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் பக்கத்தில் வேறு யாருக்கும் கதியால் வேண்டுமென்றால் ஆவணி முடிவதற்குள் சொல்லிவைக்க வேண்டும். காசு வேண்டாம். கட்டுவதற்குக் கயிறும் ஏற்றுவதற்கு உழவு இயந்திரமும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். வெட்டுகிற நாளில் ஒருவராவது கத்தியோடு கூட நின்றால் அம்மாவுக்கு உதவியாக இருக்கும். தலை எது, அடி எது என்று அடையாளம் போட்டுத்தான் கட்டுவோம், அதை அவிழ்க்கும்போது மாற்றிவிடாதீர்கள்.